கம்ப்யூட்டர் படிக்கக் காசு காத்திருக்கிறது, தெரியுமா?

உதவித்தொகையை நெல்லாக அளந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது, தெரியுமா? முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கோயிலில் 340 மாணவர்கள் படித்தார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல் வகுப்புக்கு அதற்கும் மேலே! இந்தச் செலவுக்கென்று 45 வேலி நிலம். ஏக்கரில் சொன்னால் கிட்டத்தட்ட 300! கல்வெட்டில் இருக்கிறது கணக்கு. என்ன, அங்கே சொல்லிக்கொடுத்தது வேதமும் அதைச் சேர்ந்த சாஸ்திரங்களும். அந்த நெல்லை விளைவித்தவர் வீட்டுப் பிள்ளை திண்ணைப் பக்கம்கூடப் போயிருக்க முடியாது.

இன்றைக்கு அந்தப் பிள்ளைதான் செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரியிலும், ராஜாமடத்திலும், திருக்குவளையிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு நிற்கிறது. டெல்டாவில் ஒரு சங்கடம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவு என்று கையிலிருப்பது கரையும். கவுன்சலிங் முடிந்து ஃபீஸ் கட்டச் சொல்வதும் அதையொட்டித்தான். கொள்முதல் நிலையத்துக்கு நெல் போய்ப் பணம் வருவதற்குள் நகை சொசைட்டிக்குப் போய்விடும். அந்த நகையை வீட்டிலேயே வைத்திருக்க எத்தனை வழி இருக்கிறது தெரியுமா? வருகிறேன். அதற்கு முன் கும்பகோணம்!

கணித மேதை ராமானுஜன், கையில் இருந்த உதவித்தொகையைப் பறிகொடுத்தவர், தெரியுமா? 1897-ல் தொடக்கத் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து டவுன் ஹைஸ்கூலில் அரைக் கட்டணச் சலுகை வாங்கிய பையன் அவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தபோது சுப்ரமணியம் உதவித்தொகையும் கிடைத்தது. அப்பா துணிக்கடைக் குமாஸ்தா. அந்தத் தொகை இல்லாமல் படிப்பு ஓடாது. பையனோ கணக்கைத் தவிர வேறு பாடத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. மறு ஆண்டு வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார்!

1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதுவரை துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக அவர் வாங்கியது 30 ரூபாய்! 1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது ஆண்டுக்கு 250 பவுன். அதில் 50 வீட்டுக்கு. இன்னும் கேளுங்கள். 1919 ஜனவரியில், உடம்பு முடியாமல் ஊர் திரும்பும் சமயம், பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. பெற்றோருக்கு 50 பவுன், தன் செலவு போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடுங்கள் என்கிறார். உதவித்தொகையை இழந்த வலி தெரிந்தவர்!

கம்ப்யூட்டருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1914-ல் அவர் வெளியிட்ட பை சூத்திரம் ஒன்றைக் கொண்டு, 1985-ல் பில் காஸ்பர் என்ற அமெரிக்கர் பையின் மதிப்பை 1 கோடியே 75 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கம்ப்யூட்டரில் கணக்கிட்டார். அன்றைக்கு அது உலக சாதனை!

சரி, புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயர் தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர். 1883-ல் பிறந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1936-ல் அதைப் பற்றியே நாவலும் எழுதியவர் அந்த அம்மையார். 1989 முதல் அவர் பெயரில் அரசு கொடுத்துவந்தது திருமண உதவி. பின்னால் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயரில் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய். என்னைக் கேட்டால் இதுதான் அவருக்குச் சரியான மரியாதை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. நாலு வருஷத்துக்குக் கூட்டினால் 48,000! பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் முதல்.

அதே அரசுப் பள்ளிப் பிள்ளை 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசுடையது. வீட்டில் தாத்தா பாட்டி முதல் அண்ணன் அக்கா வரை யாருமே பட்டம் வாங்கவில்லையா? முதல் பட்டதாரிச் சலுகை, தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 வரை. ஆனால் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் காசு கட்டிவிட்டுக் கேட்டால் கிடையாது.

மத்திய அரசின் பிரகதி உதவித்தொகையைப் பெண்கள் பலர் தவறவிடுகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 50,000, ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை! மாற்றுத்திறனாளிகளுக்கு சக்‌ஷம், அதுவும் 50,000. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால் முதல் மூன்றாண்டு 12,000, நாலாமாண்டு 20,000 தரும் இன்னொரு திட்டமும் இருக்கிறது. பிரகதியோடு சேர்த்து அதை வாங்க முடியாது. கணக்குப் போட்டு ஒன்றைப் பிடியுங்கள்.

திருச்சி என்.ஐ.டி. தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடியில்தானே இருக்கிறது! அங்கே எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கும், வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள எவருக்கும் கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடி. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு. மன்னார்குடியில் பி.எஸ்சி. படித்துக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பட்டத்தையும் ஆன்லைனில் படிக்கலாம், ஜே.இ.இ. எழுத வேண்டாம். எளிய குடும்பத்துக்கு அதிலும் 75 விழுக்காடு வரை சலுகை!

இத்தனை இருந்தும் காசு ஏன் சிலர் கைக்கு வருவதில்லை? காகிதம்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டி வர நாளாகும். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள். பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளையிலேயே கேட்டுவிடுங்கள். இணையாவிட்டால் தேர்வானவர் பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வந்து சேராது.