பலாப்பழ லாரியை வேடிக்கை பார்த்தேன்; அம்மா கை ஒடிந்தது!

கிளியனூர் அருகே நிருபர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி செல்லும் நான்கு வழிச்சாலையில், கிளியனூரை நெருங்கும் இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த பெண்ணுக்கு இடது மணிக்கட்டு ஒடிந்தது. ஓட்டி வந்த வாலிபருக்கு முழங்காலில் சிராய்ப்பு.

அந்த வாலிபர் இந்தச் செய்தியை எழுதும் நிருபர்தான். பின்னால் இருந்தவர் அவரைப் பெற்ற தாய்.

விபத்துச் செய்தி எத்தனையோ எழுதியாகிவிட்டது. "மோட்டார் சைக்கிள் கட்டுப்பாட்டை இழந்து" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். கட்டுப்பாடு எப்படிப் போனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது நானே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன்.

நடந்த விவரம் வருமாறு:-

கிளியனூரில் சின்னம்மா வீட்டில் காதுகுத்து. அம்மாவை ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பினேன். லாரியும் பஸ்சும் பறக்கும் சாலை அது. ஓமந்தூர் தாண்டும் வரை பயந்து பயந்துதான் ஓட்டினேன். கிளியனூர் கண்ணுக்குத் தெரிந்ததும் "வந்தாச்சு" என்று மனசு லேசானது. வேகத்தையும் குறைத்துவிட்டேன். 30 கிலோமீட்டர்தான் இருக்கும்.

சாலை ஓரத்தில் சின்னக் கும்பல் நின்றது. கும்பலைக் கண்டால் நிருபருக்குக் கழுத்து தானாகத் திரும்பும். யாராவது அடிபட்டுக் கிடக்கிறாரா, அடிதடியா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மினி லாரியில் பண்ருட்டி பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பார்வை திரும்பி வந்தபோது முன்னால் போன ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஹேண்டிலை இடது பக்கம் வெட்டி, முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தேன். கீழே மணல். வண்டி சரிந்தது. ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா கையை ஊன்றி விழுந்தார்.

"ஏண்டா, எங்கடா பாத்துட்டு ஓட்டுன?" என்று அம்மா கேட்டார். பலாப்பழம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றரை பஸ் நீளம்

பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

30 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நான் கும்பலைப் பார்த்தது 2 வினாடி இருக்கும். அதற்குள் வண்டி 16, 17 மீட்டர் ஓடியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை பஸ் நீளம். அவ்வளவு தூரம் நான் குருடனாக ஓட்டியிருக்கிறேன், பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு.

கதை அதோடு முடியவில்லை. ஆட்டோ நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்து, மூளைக்குப் போய், கை பிரேக்கைப் பிடிக்க இன்னொரு வினாடி ஆகும். அதில் இன்னும் 8 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்கும். இதே ஆள் 60 கிலோமீட்டரில் போயிருந்தால் அந்த 2 வினாடியிலேயே 33 மீட்டர். அப்போது இந்தச் செய்தியை வேறு நிருபர் எழுதியிருப்பார்.

இன்னொரு சங்கதி. மோட்டார் சைக்கிளில் கண் போகும் பக்கம் வண்டியும் போகும். பள்ளத்தைத் தவிர்க்க வேண்டும் என்று பள்ளத்தையே முறைத்துப் பார்த்தால் வண்டி நேராக அதில்தான் இறங்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல ரோட்டைப் பார்த்தால் அங்கே போகும். நான் இடப்பக்கம் பலா லாரியைப் பார்த்தேன். வண்டியும் மணல் ஓரமாக ஒதுங்கியது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மணலில் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சுற்றுவது நின்று வழுக்கும். அதற்குப் பெரிய வேகம் தேவையில்லை.

125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். என்னுடையது பழைய 100 சி.சி. வண்டி. அதற்கு அந்த வசதி கிடையாது. இருந்திருந்தாலும், தலையைத் திருப்பாமல் இருக்க அதில் கருவி இல்லை.

கணக்கில் வராத விபத்து

எங்கள் விபத்து எந்தப் போலீஸ் கணக்கிலும் கிடையாது. புகார் கொடுத்தால்தானே பதிவு? யார் மேல் கொடுப்பது? ஆட்டோக்காரர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார். "பாத்து வரக் கூடாதா தம்பி" என்றார். பலாப்பழக்காரர் தண்ணீர் கொடுத்தார். அதே ஆட்டோவில் திண்டிவனம் வந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊரில் நடக்கும் பாதிச் சறுக்கல் இப்படித்தான் முடிகிறது. பிளாஸ்திரி, கொஞ்சம் திட்டு, ஒடிந்த இண்டிகேட்டர்.

கவனம் போகும் வழிகளும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சட்டைப்பையில் செல்போன் அடிக்கும். எடுக்கக்கூட மாட்டார், யார் என்று மட்டும் குனிந்து பார்ப்பார். சிலர் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி போகிறார்கள். போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ஜெயில், இல்லை இரண்டும். கடைக்குச் சரக்கு எடுத்துப் போகிறவருக்கு டேங்க் மேல் இருக்கும் மூட்டை சரிகிறதா என்று கவலை. ஆபீசுக்கு ஓடுகிறவருக்கு மணி பார்க்க வேண்டும்.

சைடு ஸ்டாண்டு தனிக் கதை. கிளம்பும் நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அதை மடக்க மறந்துவிடும். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. இடது பக்கம் திருப்பும்போது ஸ்டாண்டு தரையில் குத்தும். பல புது வண்டிகளில் ஸ்டாண்டை மடக்காவிட்டால் எஞ்சின் ஓடாது. பழைய வண்டிக்காரர் காலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ஹெல்மெட்தான் இருந்தது

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அம்மா போடவில்லை. "காதுகுத்துக்குப் போறோம், தலையில பூ வெச்சிருக்கேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன். பின்னால் இருப்பவரும் போட வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இதற்கான அபராதம் 100 ரூபாயில் இருந்து 1,000 ஆனது. இதையெல்லாம் செய்தியாக எழுதியவன்தான் நான்.

'லாரன்ஸ் ஆப் அரேபியா' படம் பார்த்தவர்களுக்கு முதல் காட்சி நினைவிருக்கும். நிஜ லாரன்சும் அப்படித்தான் போனார். 1935 மே மாதம் இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த 2 பையன்கள் மேல் மோதாமல் இருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி, 6 நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவர் அதன் பிறகுதான் ஹெல்மெட் பற்றி ஆராய்ச்சியில் இறங்கினார்.

அம்மா கையை ஊன்றியதால் தலை தப்பியது. கை போனது.

பூ கட்ட முடியவில்லை

அம்மாவுக்குப் பூ கட்டி விற்பதுதான் தொழில். காலை 4 மணிக்கு உதிரிப்பூ வாங்கி வந்து, 8 மணிக்குள் கட்டி முடித்துவிடுவார். மாவுக்கட்டு 6 வாரம் என்றார் டாக்டர். நாலாவது நாளே கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் கட்டிப் பார்த்தார். கண்ணி இறுகவில்லை. தூக்கியதும் பூ பொலபொல என்று உதிர்ந்தது. பேசாமல் பொறுக்கிக் கூடையில் போட்டார். வாடிக்கைக்காரர்கள் இரண்டு வாரம் விசாரித்தார்கள். அப்புறம் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் சிராய்ப்பு 5 நாளில் ஆறிவிட்டது.

கட்டுப் பிரித்த மறுவாரம் சின்னம்மா வீட்டுக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை 2 ஹெல்மெட். அம்மா இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார மறுத்துவிட்டார். கிளியனூர் வந்தது. அதே ஓரத்தில் மினி லாரி, அதே மாதிரி கும்பல்.

பின்னால் இருந்து முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"பலாப்பழம்தான்டா. நேரா பாரு."