நெடுநாள் நின்ற வண்டி
பல திங்கள் ஓடாது நின்ற பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை எத்துணை முறை உதைத்தாலும் அது எளிதில் உயிர்பெறுவதில்லை. குற்றம் பெரும்பாலும் கார்புரேட்டரில் இருக்கும். அதன் அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் சிறிது சிறிதாக ஆவியாகிவிட, பிசின் போன்ற கசடு எஞ்சுகின்றது. அக்கசடு, பெட்ரோல் ஏறிச் செல்லும் பித்தளை ஜெட்டின் துளையை அடைத்துவிடும். மெதுவோட்டத்திற்குரிய ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டர் அகலமும் இராது.

அடைப்பைக் கண்டதும் எஃகுக் கம்பியால் குத்துவோர் பலர். அவசரத்தின் வேலை அது! எஃகைவிடப் பித்தளை மென்மையானது. துளை சற்றே அகன்றாலும் பெட்ரோல் வீணாகும். வண்டியும் புகை கக்கும். ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, அழுத்தமுள்ள காற்றைச் செலுத்துதலே முறை. நெருப்பு அணுகாத திறந்தவெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

வண்டியை நெடுநாள் நிறுத்தக் கருதுவோர், பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்தி, எஞ்சியதை ஒரு கலத்தில் வடித்துவிடுவர். அதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது.