மருந்து ஏறிப் போகும் சின்னப் படகு



ஆனி மாதத் திருவிழாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போய் வந்தவர்கள் நமது தோட்டங்களில் பலர் உண்டு. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, வேலணை தாண்டி, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குப் போவோம். அங்கே குறிகட்டுவான் துறையில்தான் படகு ஏற வேண்டும்.

அந்தத் துறையில் காத்திருந்தபோது நமது அக்கா ஒருவர், கூட வந்திருந்த தோட்டத்து டொக்டர் ஐயாவிடம் கேட்டார்: "ஏங்கய்யா, கால் புண்ணுக்குக் குளிசை குடிச்சா வயிறு எரியுது. மருந்து நோவு உள்ள எடத்துக்கு மட்டும் போகாதுங்களா?"

"நல்ல கேள்விம்மா. நயினாதீவுக்கு ஒரு மூட்டை சீனி அனுப்பணும்னு வைங்க. கடல்ல கொட்டினா கரைஞ்சி எல்லாப் பக்கமும் போயிரும். படகுல ஏத்தினா துறையில போய் எறங்கும். மருந்துக்கும் இப்ப படகு இருக்கு" என்றார் அவர்.

அந்தப் படகின் பெயர் லிப்போசோம். கொழுப்பினால் செய்த நுண்ணிய உருண்டை அது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நனோமீற்றர். இந்த உருண்டைகள் 100 நனோமீற்றருக்கும் குறைவானவை. பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீற்றர் தாண்டாது!

சரி, படகு எந்தத் துறைக்குப் போகும்? நமது உடம்பில் மக்ரோபேஜ் என்ற தின்கலங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து எது வந்தாலும் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை. ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் அவை நிறைய உண்டு. கொழுப்பு உருண்டையையும் அவை விழுங்கிவிடும். மருந்தும் கூடவே உள்ளே போய்விடும்.

இதனால் என்ன பயன்? கேளுங்கள். காலா அசார் என்றொரு கொடிய காய்ச்சல் உண்டு. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நம்மைப் போன்ற தொழிலாளர் பலரை ஒரு காலத்தில் கொன்ற நோய் அது. மணல் ஈ கடிப்பதால் லீஷ்மேனியா என்ற கிருமி உடம்பில் சேருகிறது. அந்தக் கிருமி ஒளிந்து வாழும் இடம் எது தெரியுமா? காவல்காரனான அதே தின்கலத்துக்குள்ளேதான்! ஆகவே படகு சேரும் துறையும் கள்ளன் ஒளிந்த வீடும் ஒன்றே.

இதற்கான அம்போடெரிசின் மருந்தை முன்பு அப்படியே நரம்பில் ஏற்றினார்கள். குளிர் நடுக்கம் வரும், சிறுநீரகமும் கெடும். ஒன்றுவிட்டு ஒருநாளாக 15 தடவை ஏற்ற, ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். அன்றாடக் கூலிக்காரருக்கு ஒரு மாதப் பேர் போனால் வீட்டில் அடுப்பு எரியுமா?

இந்தியாவின் பீகாரில் டொக்டர் சியாம் சுந்தர் குழுவினர் 412 நோயாளரிடம் சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். லிப்போசோமில் வைத்த மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்றியதில், ஆறு மாதத்தின் பின் 100க்குச் சுமார் 96 பேர் குணமாகியிருந்தார்கள். பழைய முறையிலும் அதே அளவுதான். ஆனால் ஒரு மாதம் எங்கே, ஒரு நாள் எங்கே! 2014 முதல் இந்திய அரசு இந்த ஒரே தடவை முறையைக் கையாளத் தொடங்கியது.

2021இல் நமது நாட்டில் போட்ட பைசர் கொரோனா ஊசியிலும் இப்படியான கொழுப்பு உருண்டைகள்தான் மருந்தைச் சுமந்தன.

இலங்கையில் அதே கிருமி பெரும்பாலும் தோலில் புண்ணாக வருகிறது. அனுராதபுரம், பொலனறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் அதிகம். அங்கே வேலைக்கோ உறவினர் வீட்டுக்கோ போய் வருபவர்கள் கவனிக்க வேண்டும். முதலில் பரு மாதிரி இருக்கும். நோகாது, அரிக்காது. மெல்ல மெல்லப் பெருக்கும். "நோகலையே, விடு" என்று விடாதீர்கள். நோகாமல் இருப்பதே இதன் அடையாளம்.

வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். புண்ணைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இந்தப் புண்ணுக்குப் பெரும்பாலும் படகு மருந்து தேவையில்லை; புண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். காசு கட்ட வேண்டியதில்லை. ஊசிகளை இடையில் நிறுத்தாமல் போட்டு முடிப்பது மட்டும் நமது பொறுப்பு.