எத்தனை நாள் பதிவு வேண்டும்?

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்கு அந்த இரவின் சிசிடிவி காட்சி கிடைக்கவில்லை. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

கேமரா வாங்குகிற பலரும் படத்தின் தெளிவைத்தான் பார்க்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, பதிவு எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதுதான்.

நான்கு கேமரா உள்ள வீட்டுக்கு என்விஆர் எனும் கேமராப் பதிவுப் பெட்டி போதும். பள்ளி, கிடங்கு, மருத்துவமனை போன்ற இடங்களுக்குத்தான் நாஸ் பெட்டி தேவைப்படும். இது பல ஹார்ட் டிஸ்குகளைச் செருகி, லேன் கேபிளில் இணைக்கும் ஒரு சின்னக் கணினி.

கணக்கு எளிது. ஃபுல் எச்டி கேமரா ஒன்று எச்.264 என்ற காட்சிச் சுருக்க முறையில் நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு அரை மெகாபைட், மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்கு 43 ஜிபி. எட்டு கேமராவுக்கு 30 நாள் என்றால் பத்து டெராபைட்டுக்கு மேல். கேமராவை எச்.265-க்கு மாற்றினால் ஏறக்குறைய பாதியாகும்.

நாஸ் பெட்டியில் நான்கு டெராபைட் டிஸ்க் நான்கை, பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 5 முறையில் போட்டால் 16 கிடைக்காது, 12 தான் கிடைக்கும். குறைகிற நான்கு டெராபைட்தான் நமக்குக் காப்பு. டிஸ்க் ஒன்று பழுதானாலும் பதிவு அழியாது, புதியதை மாட்டினால் பெட்டி தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் இரண்டு சேர்ந்து போனாலோ பெட்டியே திருடுபோனாலோ ரெய்டு காப்பாற்றாது. ஆகவே முக்கியமான காட்சியை உடனே வேறிடத்தில் நகலெடுத்துவிட வேண்டும்.

டிஸ்கில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண மேசைக் கணினி டிஸ்க் இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை அதற்கென்றே வருபவை. ஆண்டுக்கு 180 டெராபைட் வேலைச்சுமை தாங்கும் என்ற கணக்கில் விற்பவையும் அவற்றில் உண்டு. நம் எட்டு கேமராவும் ஓராண்டில் 126 டெராபைட் எழுதும்.

பெட்டியில் கேமராவைச் சேர்ப்பதற்கான உரிமச் செலவையும் முன்பே கேளுங்கள். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகள் பெரும்பாலானவற்றோடு இரண்டு கேமராவுக்குத்தான் உரிமம் வரும், அதற்கு மேல் தனிக் காசு. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் சேர்ந்து இயங்க உதவும் ஓன்விஃப் முறைக்குக் கேமரா ஒத்துவருமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெட்டியைப் பூட்டிய அறையில், யுபிஎஸ்ஸோடு வையுங்கள். நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2022-ல் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் நிரல் அப்படித் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது.

மாட்டி முடித்த முப்பதாவது நாளில், முதல் நாள் காட்சியைத் தேடிப் போட்டுப் பாருங்கள். அது ஓடாவிட்டால், மாட்டியவரை அன்றே கூப்பிடுங்கள்.