நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறதா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பல ஆண்டுகள் சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தவர்களே! ஓய்வு பெற்ற பிறகு உங்கள் நடை எவ்வளவு குறைந்துவிட்டது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி போய்விடுகிறது. இதை வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். காலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து, வழி குறுகியிருக்கலாம். புகைப்பவர்களுக்கும், இனிப்புநீர், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

நடந்தால் என்ன ஆகிறது?

இரத்தக் குழாயின் உட்புறம் மெல்லிய உயிரணுக்களால் ஆனது. நீங்கள் நடக்கும்போது இரத்தம் வேகமாக ஓடி அவற்றை உரசுகிறது. அந்த உரசலை உணர்ந்ததும் அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. குழாய் தளர்ந்து விரிகிறது. இந்த வாயு இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வாரக்கணக்கில் தொடர்ந்து நடந்தால் இன்னொரு பலனும் உண்டு. உயிரணுக்கள் ‘வளர்ச்சிக் காரணி’ எனப்படும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கின்றன. இவை சிறு கிளைக் குழாய்கள் பெருக்க உதவுகின்றன. பெரிய வாய்க்கால் அடைத்துக்கொண்டால், மழைநீர் பக்கத்துச் சிறு கால்வாயில் பாய்ந்து அதை அகலமாக்குவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான் இதுவும்.

இரத்த அழுத்தம் வேறு

இரத்தம் சீராக ஓடுவது நல்லது. ஆனால் உயர் இரத்த அழுத்தம் குழாயின் சுவரை எந்நேரமும் இழுத்து விரிக்கிறது. அந்த இழுப்பாலும் சில வளர்ச்சிக் காரணிகள் சுரக்கும். அவை சுவரைத் தடிப்பாக்கி விறைக்கச் செய்யும். ஆகவே, நடக்கிறோமே என்று மருந்தை நிறுத்தக் கூடாது.

எப்படி நடப்பது?

• முதலில் கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால், அடைப்பு உள்ளதா என்று தெரியும்.
• சமதரையில் தொடங்குங்கள். பழகிய பிறகு ஏற்றத்தில் நடக்கலாம்.
• வலி சற்றுக் கூடும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மீண்டும் நடங்கள்.
• ஓய்வு நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் 3 நாளாவது நடங்கள். பலன் தெரிய 12 வாரமாவது தேவை.
• குளிர் காலையில் கம்பளிச் சட்டை, காலுறை, வழுக்காத காலணி அணியுங்கள்.
• புகைப்பதை நிறுத்துங்கள்.

தாமதிக்காதீர்கள்

படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தால், புண் ஆறாவிட்டால், விரல் கறுத்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, கடுமையாக வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.

மலையேறிப் பழகிய கால்கள் உங்களுடையவை. இன்று வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்து தொடங்குங்கள்.