புத்தகத்தை மூடு, இப்போது சொல்

தேர்வு நெருங்கினால் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் ஞாபகசக்திக்கு என்று முதலில் கேட்பது வல்லாரையைப் பற்றித்தான். மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லி உலாமாகப் பச்சையாகவே சாப்பிடும் கீரை அது. நானும் துவையல் அரைப்பேன். தேங்காய் கொஞ்சம் கூடப் போட்டால் கசப்பு தெரியாது. ஆனால் ஏழாம் வாய்ப்பாடு துவையலில் வராது.

பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் நான் பார்க்கும் வீடுகளில் படிப்பு என்றால் உரக்க வாசிப்பது. சத்தம் கேட்டால் அடுப்படியில் அம்மாவுக்கு நிம்மதி. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் மலாய் மரபுத்தொடர்களை ஒரு பக்கம் முழுக்க அப்படித்தான் வாசித்துவிட்டு, "எல்லாம் தெரியும் டீச்சர்" என்றான். புத்தகத்தை வாங்கி மூடினேன்.

"காக்கி பங்குன்னா என்னடா?"

கூரையைப் பார்த்தான். "பெஞ்சு... பெஞ்சோட காலு..."

"பெஞ்சுக் காலு பந்து உதைக்குமா?"

"ஆங்! பந்து விளையாடத் தெரியாதவன்!"

அந்தத் தவிப்புதான் மனத்தில் பதிய வைக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு சொன்னார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்தோ முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. பள்ளித் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

இடைவெளியும் வேண்டும். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-இல் எழுதினார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. அப்புறம் மறதி மெதுவாகிறது. அதனால் கேள்விகளை அட்டையில் எழுதி மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். சரியாகச் சொன்ன அட்டை பின்னால் போகும், தவறியது முன்னாலேயே நிற்கும். நாளைக்கும் கேட்பேன், அடுத்த வாரமும் கேட்பேன்.

தெரிந்ததோடு சேர்த்து முடிச்சுப் போட்டால் பாரம் குறையும். பிள்ளைகளின் மைகிட் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கத்தைப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலம். பேராக் என்றால் பெரும்பாலும் 08. புதிதாக மனத்தில் வைக்க வேண்டியது கடைசி நான்குதான். வரலாறும் அப்படித்தான். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே மலாயாவில் அவசரகாலம் வந்தது. தாத்தா பால்மரம் சீவிய எல்பில் தோட்டம் அதில் ஒன்று என்று தெரிந்த பிள்ளைக்கு ஆண்டு தானாக ஒட்டிக்கொள்கிறது.

ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் ரத்து செய்ததும், இனி மனப்பாடம் எதற்கு என்றார்கள். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பின்னக் கணக்கில் எதை வைத்து யோசிக்கும்? அதற்காக நள்ளிரவு வரை உட்கார வைக்கவும் வேண்டாம். படித்தது நன்றாகப் பதியத் தூக்கமும் வேண்டும்.

மலாய் வாசிக்கத் தெரியாத பாட்டியும் உதவலாம். "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றால் போதும். குறுக்குக் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. பிள்ளை தடுமாறும்போது மட்டும் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள்.