வலையில் மாட்டும் விமானம் யாருடையது?

பழவேற்காட்டுப் பக்கம் வலையில் கனமான உலோகத் துண்டு மாட்டினால், முதல் சந்தேகம் ராக்கெட் மேல்தான் விழும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்களின் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டாரே சிக்கியது. மேலே எழுதியிருந்த எண்ணும் தேதியும் அது எதுவென்று காட்டிக்கொடுத்துவிட்டன.

இதே கடல்மேல் ராக்கெட்டுக்கு முன்பே போர் விமானங்கள் பறந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன், செங்குன்றம் ஏரியிலிருந்து கேட்டலினா பறக்கும் படகுகளை இயக்கியது. அந்தக் காலத்து விமானம் ஒன்று கடலடியில் கிடைத்தால் அடையாளம் காண்பது எளிதல்ல. பெயின்டில் எழுதிய எண் சீக்கிரமே அழிந்துபோகும். எஃகு போல்ட் தொடும் இடங்களில் அலுமினியத் தகடு அரிக்கும்; உப்புநீரில் இரு உலோகங்கள் சேர்ந்தால் பேட்டரி போல மின்னோட்டம் பிறந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். பெரும்பாலும் எஞ்சுவது என்ஜின், சக்கரத் தண்டு, துப்பாக்கி.

என்ஜினில் சிலிண்டர்களை எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டு வரிசையாக, வட்டமாக 14 இருந்தால் கேட்டலினாவின் பிராட் அண்ட் விட்னி என்ஜினாக இருக்கலாம். ஆனால் நான்கு என்ஜின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்துக்கும் டகோட்டா சரக்கு விமானத்துக்கும் அதே வகைதான். 1942 ஏப்ரலில் இலங்கையைத் தாக்கிய ஜப்பானிய ஜீரோ விமானத்துக்கும் 14 சிலிண்டர்! ஆகவே இறக்கையின் அமைப்பு, படகு போன்ற அடிப்பகுதி, உதிரிப்பாகத்தில் பொறித்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும்.

இவ்வளவும் சொல்வது விமானத்தின் வகையை மட்டுமே. எந்த விமானம், உள்ளே யார் இருந்தார்கள் என்பதைத் தொடர் எண்தான் சொல்லும். காணாமல்போன விமானங்களுக்கு அமெரிக்க ராணுவம் நிரப்பிய அறிக்கைகளில் என்ஜின் எண்ணும் துப்பாக்கி எண்ணும்கூடப் பதிவாயின. துருவைத் துடைத்துப் படிக்கும் சில இலக்கங்கள் ஒரு குழுவினரின் பெயர்ப் பட்டியலைத் திறந்துவிடும்.

எண் கிடைக்காவிட்டால்? 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிக் காணாமல்போன ஏ.என்.-32 விமானத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைச் சோனாரிலும் படத்திலும் பிடித்தது. 2024 ஜனவரியில் அரசு அதை அறிவித்தபோது இரண்டு காரணங்கள் சொன்னது: படங்கள் ஏ.என்.-32 உடன் ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல்போன பதிவு இல்லை. அப்போதும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லை விடவில்லை. அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆழம் குறைந்த கரையோரத்தில் முதல் தகவல் மீனவர்களிடம்தான் இருக்கும். எங்கே வலை கிழியும் என்பது அவர்களுக்கு அத்துபடி. அங்கிருந்து வரும் துண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனால் எண்ணும் உருகிவிடும். எண் தெரியும்படி செல்போனில் ஒரு படம், ஜி.பி.எஸ். காட்டும் இடம், இரண்டையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடம் கொடுத்தால் போதும். குண்டோ தோட்டாவோ கண்ணில் பட்டால் மட்டும் கைவைக்கக் கூடாது. எண்பது ஆண்டுகள் கழிந்தும் அவை வெடிக்கலாம்.